ஒன்பதின் வால்

முட்டென்ஸ் சரக்கு முற்றம், தடம் இருபத்தேழு.
பெப்ரவரி. இரவு ஒன்று பத்து.
குளிரில் கையடக்கக் கருவி செத்துவிட்டது.
இலக்கங்களைக் கையால் எழுதி வா என்று
வானொலியில் ஃபுளூரின் சொன்னான்.
எழுதினேன். பதினெட்டாவது,
மரம் ஏற்றிய தட்டை வண்டி:
31 85 5432 508-9.

எஞ்சின் வர மூன்று மணி நேரம்.
காவலறையில் சூடாக்கி, கட்டம் போட்ட தாள்.
ஃபுளூரின் வாய் திறந்து தூங்குவான்.
நான் கண்ணில் பட்ட எண்ணை
வகுத்துப் பார்ப்பேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
நகம் கடிப்பவரிடம் யார் கேட்கிறார்கள்?

இடைவெளிகளை எடுத்துவிட்டு வாசித்தேன்:
முப்பத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்து கோடியே
நாற்பத்து மூன்று இலட்சத்து
இருபத்தையாயிரத்து எண்பத்தொன்பது.
ஒரே மூச்சில் சொன்னால்
சன்னல் கண்ணாடியில் ஆவி படர்கிறது.

மும்மூன்றாக வெட்டினேன்.
318, 554, 325, 089.
முதலும் மூன்றும் ஒரு தட்டில்: 643.
இரண்டும் நான்கும் மறு தட்டில்:
643.
முள் அசையவில்லை.
அப்படியென்றால் ஏழு உள்ளே இருக்கிறது,
பதினொன்று இருக்கிறது, பதின்மூன்றும்.
வார்ட்டன்பெர்க் குன்றில் இடிந்து நிற்கும்
மூன்று கோட்டைகளும்
இந்த இருட்டில் இருப்பது போல.

மூன்றையும் கழற்றிவிட்டால் 318236089.
இது இலேசில் திறக்காத சாதி.
அதன் வர்க்கமூலத்தைச் சற்றே தாண்டி நின்று
ஒவ்வோர் எண்ணாக வர்க்கம் எடுத்து
இதைக் கழித்து
மிச்சமும் வர்க்கம்தானா என்று பார்க்க வேண்டும்.
இல்லை. இல்லை. இல்லை.
இல்லை.
இல்லை.
ஆறாவதாக 17845. மிச்சம் 207936.
அது 456இன் வர்க்கம்!
நான்கு, ஐந்து, ஆறு என்று
யாரோ படி கட்டி வைத்திருக்கிறார்கள்.

கழித்தால் 17389, கூட்டினால் 18301.
இரண்டும் பகா எண்கள்.
அதை உறுதி செய்வதற்குள்
காப்பி இரண்டு முறை ஆறியது.
ஃபுளூரினை எழுப்பிச் சொன்னேன்.
கண்ணைத் திறக்காமலே
"நல்ல வண்டி" என்றான்.

நான்கு மணிக்குக் கருவி உயிர்த்தது.
பதினேழு வண்டிகளை ஏற்றுக்கொண்டது.
பதினெட்டாவதுக்குச் சிவப்பு.
திரும்ப அடித்தேன். சிவப்பு.

வண்டி இலக்கத்தின் கடைசி எண் காவலாளி.
முன்னால் நிற்கும் பதினொன்றில்
ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து
இலக்கம் இலக்கமாகக் கூட்டினால்,
அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ
அதுதான் அவன்.
கூட்டினேன். நாற்பது.
குறைவதற்கு ஒன்றும் இல்லை.

டார்ச்சோடு போனேன்.
ஒன்பதின் வாலைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
துரு.
கழுவிய இடத்தில் வட்டமாக ஒரு பூச்சியம்
என்னைப் பார்த்தது.

ஒன்பதுதான் குறைந்தது.
ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்கள்.
மற்ற இருவரும்
இந்த வண்டியில் ஏறியதே இல்லை.
வந்திருப்பது மூன்று இரண்டுகள், ஓர் ஐந்து,
பிறகு 7963858127 என்ற ஒரு பாறை.

பச்சை விழுந்தது.
எஞ்சின் கோர்த்த சத்தம் வண்டி வண்டியாக ஓடி
என் காலடியில் நின்றது.
மரம் கியாசோவுக்குப் போனது.

பழைய தாளை நான் கிழிக்கவில்லை.
அந்த எண்ணில் ஒரு வண்டி
எந்தத் தடத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது.
காவலாளி விடமாட்டான்.
ஆனாலும் 643
643தான்.

பதினான்காம் எண் டிராமில்
பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே
பாறையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.
இரண்டிலக்கப் பகா எண்கள் ஒன்றுக்கும் அது அசையவில்லை,
தொண்ணூற்றேழு வரை.
இறங்கும் இடம் தாண்டிப் போயிருந்தது.
நூற்றொன்றைப் போட்டேன்.

மீதி நாற்பத்தேழு.